ஆட்டம் நின்றாலும் வீரரின் பிழைப்பு நிற்கக் கூடாது

பேரிடர்க் காலத்தில் விளையாட்டு வீரர்களின் வருமானப் பாதுகாப்பு: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

கல்லூரி, மாவட்ட, மாநில அளவில் விளையாடுவோரும் அவர்களுக்குப் பயிற்சி தருவோரும் சேர்ந்தது எங்கள் சங்கம். தொற்றுநோயோ வேறு பேரிடரோ போட்டிகளை நிறுத்தும்போது, அதன் இழப்பை முதலில் ஏற்க வேண்டியவை வருமானம் மிகுந்த அமைப்புகளே. ஆடினால்தான் சம்பளம் என்ற நிலையில் உள்ள வீரர் அல்ல. இதை அவ்வப்போது காட்டும் கருணையாக விட்டுவிடாமல், ஒப்பந்தத்திலும் விதிகளிலும் எழுதிவைக்க வேண்டும் என்பதே எங்கள் நிலைப்பாடு.

கொரோனா ஆண்டுகளில் நடந்தது என்ன?

2020 மார்ச் 13 அன்று ராஜ்கோட்டில் ரஞ்சி கோப்பை உள்நாட்டு கிரிக்கெட் தொடரின் இறுதிப் போட்டியின் கடைசி நாள் ஆட்டம் பார்வையாளர்கள் இல்லாமல் நடந்து முடிந்தது. அடுத்த ரஞ்சிப் போட்டிக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1934-35இல் தொடங்கி, இரண்டாம் உலகப் போரின்போதும் நிற்காத அந்தத் தொடர், 2020-21இல்தான் முதல்முறையாக ரத்தானது.

அதே பருவத்தில் ஐபிஎல் நடந்தது. 2020 செப்டம்பர் 19 முதல் நவம்பர் 10 வரை ஐக்கிய அரபு அமீரகத்தில், காலி மைதானங்களில் நடந்தது. ஆண்டுக்குச் சுமார் 440 கோடி ரூபாய் தந்துவந்த தலைப்பு விளம்பரதாரர் விவோ விலகியது; ட்ரீம்11 222 கோடிக்கு அந்த இடத்துக்கு வந்தது. அப்படியிருந்தும் அந்தத் தொடரில் சுமார் 4,000 கோடி ரூபாய் வருவாய் வந்ததாக அப்போதைய இந்திய கிரிக்கெட் வாரியப் பொருளாளர் அருண் துமால் தெரிவித்தார். வரவு குறைந்தது உண்மை, வற்றிப்போகவில்லை.

உள்ளூர் வீரரின் கணக்கு வேறு. அப்போது ரஞ்சியில் களமிறங்குபவருக்கு நாளொன்றுக்கு 35,000 ரூபாய். நான்கு நாள் போட்டிக்கு 1,40,000. 2019-20இல் தமிழ்நாட்டுக்கு லீக் சுற்றில் 8 போட்டிகள். அனைத்திலும் ஆடியவருக்கு 11,20,000 ரூபாய் சேரும். 2020-21இல் அந்த வரவு மொத்தமாக இல்லாமல் போனது.

அந்தப் பருவத்தில் தினேஷ் கார்த்திக் தலைமையிலான தமிழ்நாடு அணி சையத் முஷ்டாக் அலி இருபது ஓவர் கோப்பையை வென்றது. ஆடிய எட்டு ஆட்டங்களிலும் வெற்றி. ஓர் ஆட்டத்துக்கு ஊதியம் 17,500 ரூபாய். எட்டிலும் ஆடிய வீரருக்குப் போட்டி ஊதியமாகக் கிடைத்தது 1,40,000. நாட்டின் சாம்பியன் அணியில் ஒரு போட்டி விடாமல் ஆடியவர் ஈட்டியது, ஒரே ஒரு ரஞ்சிப் போட்டியின் ஊதியத்தை.

2021 செப்டம்பர் 20 அன்று, 2019-20 பருவத்தில் ஆடியவர்களுக்கு 50 சதவீத ஊதியத்தை இழப்பீடாக வாரியம் அறிவித்தது. போட்டி ஊதியத்தையும் உயர்த்தியது. இரண்டையும் மனமார வரவேற்கிறோம். ஆனால் ரஞ்சி ரத்தாகி எட்டு மாதம் கழித்தே அந்த அறிவிப்பு வந்தது. 2020-21இல் முதன்முதலாக அணிக்குள் நுழையவிருந்த இளைஞருக்கு அதில் இடமில்லை. 2022இல் ரஞ்சி திரும்பியபோதும் தமிழ்நாட்டுக்குக் கிடைத்தவை மூன்றே லீக் போட்டிகள்.

கிரிக்கெட்டிலேயே இந்த நிலை என்றால் மற்ற விளையாட்டுகளைச் சொல்ல வேண்டியதில்லை. 2019 அக்டோபரில் முடிந்த புரோ கபடி லீக், 2021 டிசம்பரில்தான் மீண்டும் தொடங்கியது. ஊரடங்கில் கோயில் திருவிழாக்கள் நின்றதால் ஊர்க் கபடிப் போட்டிகளும் நின்றன. பரிசுப் பணத்தை நம்பியிருந்த ஆட்டக்காரர்கள் வேறு கூலி வேலை தேட வேண்டியதாயிற்று.

கல்லூரி வீரர்கள் இழந்தது பணம் மட்டுமல்ல. 2020 தொடக்கத்தில் புவனேஸ்வரில் நடந்த கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டிகள், அடுத்து 2022 ஏப்ரலில்தான் பெங்களூருவில் நடந்தன. இடையில் படிப்பை முடித்தவர்களுக்கு மேடையும் இல்லை, சான்றிதழும் இல்லை. ரயில்வே போன்ற நிறுவனங்கள் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை தர அண்மை ஆண்டுகளின் சாதனையைத்தான் கேட்கின்றன. போட்டியே நடக்காத ஆண்டுக்கு ஒரு மாணவி எதைக் காட்டுவாள்? 2020-21க்கான மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீடும் 2,826.92 கோடியிலிருந்து 1,800.15 கோடியாகக் குறைக்கப்பட்டது.

பணக்கார நாடுகளிலும் அடி விழுந்தது அடிமட்டத்தில்தான். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ, 2020இல் கூடைப்பந்துத் தொடர் ரத்தானதும், உயர்நிலைப் பிரிவுக் கல்லூரிகளுக்குத் தரவிருந்த 60 கோடி டாலரை 22.5 கோடியாக்கியது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் மல்யுத்தம், வாள்சண்டை உள்ளிட்ட 11 விளையாட்டுகளை நிறுத்துவதாக அறிவித்தது. மாணவர்களும் முன்னாள் வீரர்களும் விடாமல் போராடியதால் 2021 மே மாதத்தில் அந்த முடிவைக் கைவிட்டது. ஒன்றுபட்டுக் கேட்டால் முடிவுகள் மாறும்.

பணம் எங்கே என்ற கேள்விக்கு எங்கள் பதில்

2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்பனையானது. உள்ளூர் வீரர்களுக்குப் பாதுகாப்பு நிதி ஒதுக்க இதைவிட நல்ல காலம் வராது. விம்பிள்டன் அமைப்பாளர்கள் தொற்றுநோய்க்கும் சேர்த்துப் பல ஆண்டுகள் காப்பீட்டுத் தவணை கட்டிவந்தார்கள். 2020இல் தொடர் ரத்தானபோது 10 கோடி பவுண்டுக்கு மேல் இழப்பீடு பெற்றார்கள். முன்யோசனை இருந்தால் இது முடியும்.

எங்கள் கோரிக்கைகள்

1. ரஞ்சி அளவிலான ஆண், பெண் வீரர்கள் அனைவருக்கும் ஆண்டு ஒப்பந்தம் வேண்டும். சௌரவ் கங்குலி 2019இல் வாரியத் தலைவரானபோது சொன்ன ஒப்பந்த முறை, நாடு முழுதும் நடைமுறைக்கு வர வேண்டும்.

2. பேரிடரால் தொடர் ரத்தானால், முந்தைய பருவச் சராசரி ஊதியத்தில் பாதிக்குக் குறையாத தொகை 60 நாட்களுக்குள் தானாகக் கிடைக்க வேண்டும். அணிக்குத் தேர்வான புதியவர்கள், நடுவர்கள், ஸ்கோரர்கள், மைதானப் பணியாளர்கள் ஆகியோரையும் இதில் சேர்க்க வேண்டும்.

3. தொழில்முறை லீக்குகள் தங்கள் வருவாயில் ஒரு பங்கைப் பேரிடர் நிதியாக ஒதுக்க வேண்டும். தொற்றுநோயையும் உள்ளடக்கிய காப்பீடு எடுக்க வேண்டும்.

4. போட்டிகள் நடக்காத ஆண்டுகளை விளையாட்டு ஒதுக்கீட்டுக் கணக்கில் விட்டுவிட்டு, அதற்கு முந்தைய சாதனையை ஏற்க வேண்டும். வயது வரம்பிலும் அத்தனை ஆண்டு தளர்வு தர வேண்டும்.

5. கல்லூரிகள் மூடியிருந்தாலும் விளையாட்டு விடுதி மாணவர்களின் உணவுப்படியையும் உதவித்தொகையையும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் அவர்களின் வங்கிக் கணக்கில் செலுத்த விதி வகுக்க வேண்டும்.

முதல் மூன்று கோரிக்கைகளையும் கிரிக்கெட் வாரியம், மாநிலச் சங்கங்கள், லீக் நிர்வாகங்கள் ஆகியவற்றிடமும், மற்ற இரண்டையும் அரசிடமும் முன்வைக்கிறோம். இவற்றைப் பேசி வடிவமைக்க யார் அழைத்தாலும் வருவோம். அடுத்த பேரிடர் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் போட்டிகள் முழுவீச்சில் நடக்கும் இப்போதே விதிகளை எழுதச் சொல்கிறோம்.