எப்போது எழுந்திருப்பது?

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்குச் சென்னையில் பேர்போன சிற்றுண்டிச் சாலை எதற்குள்ளாவது நுழைந்து பாருங்கள். உள்ளே இரண்டு ஜாதியார் இருப்பார்கள். நேயர்கள் திடுக்கிட வேண்டாம். பழைய ஜாதிகளைச் சொல்லவில்லை. அவற்றைப் பற்றிப் பின்னால் ஒரு வார்த்தை உண்டு. நாம் சொல்வது உட்கார்ந்திருக்கும் ஜாதியையும் நின்றுகொண்டிருக்கும் ஜாதியையுமே. நிற்கிறவர்கள் உட்கார்ந்திருப்பவர்களின் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். உட்கார்ந்திருப்பவர்களோ சுவரைப் பார்ப்பார்கள், மின்சார விசிறியைப் பார்ப்பார்கள், கைத்தொலைபேசியைப் பார்ப்பார்கள். நிற்கிறவர்கள் பக்கம் மட்டும் தவறியும் கண்ணைத் திருப்ப மாட்டார்கள். இட்டிலி தீர்ந்து அரை மணி ஆகியிருக்கும். டபராவின் அடியில் காப்பி காய்ந்து வளையம் விழுந்திருக்கும். பேச்சு மட்டும் தீர்ந்திராது.

சாப்பிட்டு முடித்த பிறகு, பிறர் காத்து நிற்கையில், எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கலாம் என்பதே இந்த வாரத்து விஷயம். இது ஓர் அற்ப விஷயம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அற்ப விஷயங்களில்தான் மனிதர்கள் அதிகமாக மனம் கசந்து போகிறார்கள்.

சாப்பாட்டைப் பற்றி நம் பெரியோர்கள் வகுத்த விதிகளுக்குக் குறைவில்லை. எந்தக் கையால் உண்பது, இலையின் நுனி எந்தப் பக்கம் இருப்பது, எதை முதலில் பரிமாறுவது, எதைக் கடைசியில் பரிமாறுவது என்று எல்லாவற்றிற்கும் விதி இருக்கிறது. எழுந்திருப்பதற்கும் இருக்கிறது. பந்தியில் உட்கார்ந்தால் எல்லோரும் உண்டு முடிந்த பிறகே எழுந்திருக்க வேண்டும். வரிசையின் கோடியில் பல் இல்லாத தாத்தா ஒருவர் மோர் சாதத்தைப் பிசைந்து பிசைந்து உருட்டிக்கொண்டிருந்தால், கை காய்ந்த நாற்பது பேரும் இலையில் கோலம் போட்டுக்கொண்டு காத்திருப்பார்கள். யார் கண்டுபிடித்த விதியோ, மிக நல்ல விதி. மெதுவாகச் சாப்பிடுகிறவனுக்கு வெட்கம் உண்டாகாமல் காப்பாற்றிய விதி அது.

ஆனால் ஹோட்டலில் பந்தி ஏது? அவரவர் தனித்தனியே வருகிறார்கள். தனித்தனியே எழுந்து போகிறார்கள். சேர்ந்து உட்காருவதும் இல்லை, சேர்ந்து எழுந்திருப்பதும் இல்லை. ஆகவே பழைய விதி அங்கே செல்லாது. புதிய விதியையோ நாம் இன்னும் ஏற்படுத்திக்கொள்ளவில்லை. ஹோட்டலுக்குப் போய்ச் சாப்பிடும் வழக்கமே நமக்குச் சில தலைமுறைப் பழக்கந்தான். அதனால்தான் வீட்டில் மிகுந்த மரியாதையுடன் நடந்துகொள்ளும் குடும்பங்கள்கூட ஹோட்டல் மேஜையைக் கண்டதும் தடுமாறிப் போகின்றன. இது துர்க்குணம் அல்ல, வழி தெரியாமை.

கலியாண வீட்டுப் பந்தியோ இப்போது ஹோட்டலை விட மோசமாகிவிட்டது. 'பந்திக்கு முந்து' என்ற பழமொழியை நம்மவர்கள் வேதவாக்காக எடுத்துக்கொண்டு, உண்கிறவருடைய நாற்காலியின் முதுகில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். பாயசம் வந்துகொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து மூச்சுக் காற்று கழுத்தில் படுகிறது. அப்பளத்தைக் கடித்தால் அந்தச் சத்தம் யாருக்கோ அபராதம் போட்டதைப் போல் இருக்கிறது. இந்த இடத்தில் நம்முடைய கட்சி முழுவதும் உண்கிறவருடைய கட்சிதான். கையும் வாயும் நடந்துகொண்டிருக்கும் வரையில் அந்த நாற்காலி அவருடையது. எண்பது வயதுக் கிழவர் இரண்டு தோசைக்கு முக்கால் மணி எடுத்துக்கொண்டாலும் அவரை விரட்ட எவருக்கும் பாத்தியதை இல்லை. உண்டு முடித்த பிறகு தண்ணீர் குடித்து, கை கழுவி, பணத்தைக் கொடுக்கிற நேரமும் அவருடையதே. அதற்கு மேல் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நிமிஷமும் நிற்கிறவருடையது.

"காசு கொடுத்திருக்கிறோம், ஐயா!" என்று ஒரு வாதம் உண்டு. கொடுத்தீர்கள், எதற்குக் கொடுத்தீர்கள்? பொங்கலுக்கும் வடைக்கும் கொடுத்தீர்கள். மேஜைக்கு வாடகை பேசினீர்களா? நாம் பள்ளிக்கூடத்து வாத்தியார். எதையும் கணக்காகப் போட்டுப் பார்க்கும் பழக்கம் விடாது. நாலு பேர் உட்காரும் மேஜையில் ஒரு கூட்டம் இருபது நிமிஷத்தில் சாப்பிட்டு எழுந்தால் மணிக்கு மூன்று கூட்டம், அதாவது பன்னிரண்டு பேர், சாப்பிடலாம். ஒரே கூட்டம் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டால் எட்டுப் பேருக்கு இடம் போயிற்று. முதலாளிக்கு நஷ்டமே என்று நாம் கண்ணீர் விடப் போவதில்லை. அந்த எட்டுப் பேர் யார் என்பதே கேள்வி. அரை மணி நேர இடைவேளையில் ஓடிவந்த தொழிலாளி ஒருவராக இருக்கலாம். இருபது நிமிஷம் நின்று பார்த்துவிட்டு அவர் பட்டினியாகத் திரும்பிப் போவார். சாப்பாட்டிற்கு முன் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு வந்த நீரிழிவு நோயாளியாக இருக்கலாம். ஊசி போட்ட பிறகு ஆகாரம் தாமதித்தால் உடம்பு வியர்த்துக் கை நடுங்க ஆரம்பிக்கும். ஆனால் கௌரவஸ்தரான மனிதர் அதை எந்த மேஜைக்காரரிடம் போய்ச் சொல்வார்? நிற்கிறவருடைய அவசரம் முகத்தில் எழுதி ஒட்டியிருப்பதில்லை.

எல்லா ஸ்தலத்திற்கும் ஒரே சட்டம் என்றும் சொல்வதற்கில்லை. கல்கத்தாவில் காலேஜ் தெருவில் பழைய ஆல்பர்ட் ஹால் கட்டடத்தில் ஒரு காப்பி ஹவுஸ் இருக்கிறது. 1942-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. ஒரு கோப்பைக் காப்பியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசுவதுதான் அங்கே சம்பிரதாயம். வங்காளிகள் இதற்கு 'அட்டா' என்று பெயர் கொடுத்துக் கலையாகவே வளர்த்திருக்கிறார்கள். அந்த மேஜைப் பேச்சையும் அதில் கலந்துகொண்ட சிநேகிதர்களையும் பற்றி மன்னா டே 1983-இல் பாடிய பாட்டு வங்காளத்தில் பிரசித்தம். அங்கே போய் "எழுந்திரும்" என்றால் நம்மைத்தான் வெளியே அனுப்புவார்கள். பம்பாய் இரானிக் கடைகளில் இதற்கு நேர் விரோதம்: இன்னது செய்யாதே, இன்னது செய்யாதே என்று சுவர் நிறையக் கட்டளைகளை எழுதி மாட்டியதில் அந்தக் கடைகள் பெயர் வாங்கியவை. நம் பக்கத்துத் தேநீர்க் கடைகளிலும் 'அரசியல் பேசக் கூடாது' என்ற பலகை உண்டு அல்லவா? கைகலப்புக்குப் பயந்து எழுதியது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அரசியல் பேச ஆரம்பித்தவன் எழுந்திருக்கவே மாட்டான் என்ற பயமும் அதில் பாதி இருக்கும் என்பது நம் அபிப்பிராயம்.

பெங்களூரில் ஒரு வேடிக்கையைக் கவனிக்கலாம். 1924-இல் ஆரம்பித்த மாவள்ளி டிபன் ரூமில், பெயரைக் கொடுத்துவிட்டுத் தனிக் கூடத்தில் காத்திருக்க வேண்டும். இடம் காலியானதும் கூப்பிடுவார்கள். சாப்பிடுகிறவர் கழுத்தில் எவருடைய மூச்சும் படுவதில்லை. மிகவும் நாகரிகமான ஏற்பாடு. ஆனாலும் அதில் ஓர் அபாயம் இருக்கிறது. காத்திருப்பவர் கண்ணுக்குத் தெரியாவிட்டால் அவர் இல்லை என்றே மனம் தீர்மானித்துவிடுகிறது. மயிலாப்பூர் அருண்டேல் தெருவிலுள்ள ராயர் மெஸ்ஸில் அந்தச் சௌகரியம் கிடையாது. இடம் சிறியது, காத்திருப்பவர்களின் கூட்டம் வாசலிலேயே நிற்கிறது. அங்கே சாப்பிட்டு முடித்தவர்கள் தாமாகவே சட்டென்று எழுந்துவிடுவதைக் காண்கிறோம். பள்ளிக்கூடத்துக் குழாயடியிலும் இதே கதைதான். நாற்பது பையன்கள் பின்னால் நின்றால் முன்னால் இருப்பவன் இரண்டு மிடறு குடித்துவிட்டு விலகுகிறான். தனியாக விட்டால் அவனே தலையை நனைத்து, பாட்டுப் பாடி, குழாயை விரலால் அடைத்துப் பீச்சாங்குழல் விடுகிறான்.

இந்த வழக்கில் வாயில்லாத சாட்சி ஒருவர் உண்டு. அவர்தான் சர்வர். "போதும், எழுந்திருங்கள்" என்று அவரால் சொல்ல முடியாது. சொன்னால் கல்லாவில் இருப்பவர் கோபிப்பார்; சொல்லாவிட்டால் நிற்கிறவர்கள் கோபிப்பார்கள். ஆகவே அவர் ஒரு ஜாடைப் பாஷையை ஏற்படுத்திக்கொண்டிருக்கிறார். கேட்காமலே பில் வந்தால் அது ஒரு வாக்கியம். காலி டம்ளரை எடுத்துப் போனால் அது இரண்டாவது வாக்கியம். "வேறே ஏதாவது வேணுமா, ஸார்?" என்று இரண்டாம் முறை கேட்டால், வேறே ஒன்றும் வேண்டாம் என்று சொல்லி எழுந்திருங்கள் என்று அர்த்தம். ஈரத் துணியால் மேஜையைத் துடைத்து, நம் முழங்கையைச் சுற்றி ஒரு தீவு போல விட்டுவிட்டுப் போனாரானால் கதை முடிந்தது. அந்தப் பாஷையைப் புரிந்துகொள்ளாதவர்களில் பெரிய பெரிய பட்டதாரிகளும் உண்டு. அவரோ காலையிலிருந்து நின்றுகொண்டிருப்பவர். வேலை நேரத்தில் ஊழியர்கள் உட்காருவதற்கு இருக்கை வைக்க வேண்டும் என்று கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும் தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 2021-ஆம் ஆண்டில்தான். நாம் காலி டபராவுக்கு எதிரே சாய்ந்துகொண்டிருக்கும் காட்சி அவருக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

பழைய ஜாதிகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதாகச் சொன்னோம். இந்த நாட்டில் ஹோட்டல் நாற்காலி இலேசில் பொதுவாகிவிடவில்லை. பிராமணர்களுக்கு வேறு இடம், மற்றவர்களுக்கு வேறு இடம் என்று வைத்திருந்த காலம் உண்டு. ஆதி திராவிடர்களை வாசற்படியிலேயே நிறுத்திய கடைகளும் உண்டு. தென்னிந்திய ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் அந்தப் பிரிவினை ஒழிந்தது 1941-ஆம் ஆண்டில். அதற்குப் பெரியார் நடத்திய கிளர்ச்சி காரணம். திருவல்லிக்கேணியில் முரளி கபேயின் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லி 1957-இல் ஆரம்பித்த மறியல் மாதக்கணக்கில் நடந்தது. முன்பின் அறியாத எவரும் எவருக்குப் பக்கத்திலும் உட்காரலாம் என்பது இப்படிப் போராடி வாங்கிய பாத்தியதை. அந்த நாற்காலியின் மேல் கைப்பையை வைத்துவிட்டு, "ஆள் வருகிறார்கள்" என்று முக்கால் மணி நேரம் சொல்லிக்கொண்டிருப்பவரைப் பார்த்தால் நமக்குக் கொஞ்சம் கோபமே வருகிறது.

சென்னை ஹோட்டல்களில் முன்பு ஒரு நல்ல வழக்கம் தாராளமாக இருந்தது. தனியே வந்தவர் நாலு நாற்காலி மேஜையில் உட்கார்ந்தால் மீதி மூன்றிலும் அந்நியர்கள் வந்து உட்காருவார்கள். ஒருவருடைய சாம்பார் வாளிக்கு மற்றொருவர் தட்டை நகர்த்திக் கொடுப்பார். இப்போது குளிர்சாதன அறைகளில் அதை அநாகரிகமாக நினைக்கிறார்கள். ஒருவர் ஒரு நெய்த் தோசையுடன் நாலு நாற்காலிக்கு அதிபதியாக வீற்றிருக்க, ஐந்து பேர் கதவருகில் நிற்கிறார்கள். நிற்கிறவர் முதுகுக்குப் பின்னால் நின்று முறைப்பதைவிட, எதிரே வந்து, "இங்கே ஒருவர் உட்காரலாமா?" என்று கேட்பது எவ்வளவோ மேல். உட்கார்ந்திருப்பவர் பையை மடியில் எடுத்து வைத்துக்கொள்ளலாம். பாதித் தொல்லை அதிலேயே தீர்ந்துபோகும்.

குடும்பத்துடன் போகிறவர்கள் விஷயத்தில் நமக்கே ஒரு சங்கடம் உண்டு. வீட்டிலே எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில், ஆறிப்போன ரசத்துடன், தனியாகச் சாப்பிடுகிற தாய்மார்கள் இன்றும் அநேகர். ஹோட்டலுக்கு வந்த அன்றுதான் அவர்களுக்கு வேறொருவர் கையால் சூடாகச் சாப்பாடு. அன்றுதான் சாப்பிட்டபின் உட்கார்ந்து நாலு வார்த்தை பேச அவகாசம். அவர்களைப் பார்த்து, "கை கழுவியாயிற்றா? எழுந்திரு!" என்று சொல்ல நம் நாக்கு வருவதில்லை. ஆனால் அதற்காகக் கதவருகில் நிற்கிற மற்றொரு தாயாரை நிறுத்தி வைப்பதும் சரியாகாது. ஆகவே குடும்பஸ்தர்கள் கடிகாரத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். எட்டரை மணிக்கும் ஒரு மணிக்கும் போகாமல் மாலை மூன்றரை மணிக்குப் போனால் மேஜைகள் காலியாகக் கிடக்கும். சர்வருக்கும் மூச்சு விட நேரம் இருக்கும். அப்போது இரண்டாவது காப்பி வரவழைத்துக்கொண்டு, சம்பந்தி வீட்டுக் கதை முழுவதும் பேசி முடிக்கலாம். எவரும் டம்ளரை எடுக்க மாட்டார்கள்.

கூட்டமான வேளையில்தான் போயாக வேண்டும் என்றால், பணம் கொடுக்கிறவர் முதலில் எழுந்திருக்க வேண்டும். விருந்தாளி எழுந்திருந்தால் விருந்து பிடிக்கவில்லை என்று ஆகிவிடும் என அவர் பயப்படுகிறார். அழைத்து வந்தவரோ விருந்தாளியை விரட்டியதாக ஆகிவிடும் என்று பயப்படுகிறார். இந்த இரண்டு பயங்களுக்கும் நடுவில் எத்தனையோ மேஜைகள் மாட்டிக்கொண்டிருக்கின்றன. "வாருங்கள், பேசிக்கொண்டே போகலாம்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். பேச்சை முறித்ததாகவும் ஆகாது.

பழைய ஹோட்டல்காரர்கள் கெட்டிக்காரர்கள். வாசலில் வெற்றிலைபாக்குக் கடை ஒன்றுக்கு இடம் கொடுத்து வைத்தார்கள். உள்ளே பாதியில் நின்ற வழக்கு, வரன், வீட்டு மனை எல்லாம் அங்கே, சுண்ணாம்பு தடவிக்கொண்டே, நின்றபடி பேசி முடியும். எவ்வளவு நேரம் நின்றாலும் அங்கே யாருக்கும் இடைஞ்சல் இல்லை. வெற்றிலைக் கடைக்காரர் மட்டும் இன்னும் இரண்டு பீடா கட்டுவார்.