பட்டிப்பூவும் ஒரு கையெழுத்தும்



நம் வீட்டு வாசல்களில் தானாக முளைத்து நிற்கும் பட்டிப்பூவை நீங்கள் அறிவீர்கள். நித்தியகல்யாணி என்றும் சொல்வோம். அந்தச் செடியிலிருந்து எடுக்கப்படும் வின்கிறிஸ்டின் என்னும் மருந்துதான் நிணநீர்ப் புற்றுநோயாளருக்கு இன்றும் ஏற்றப்படுகிறது. (அதற்காக இலையை அவித்துக் குடித்துவிடாதீர்கள். அது நஞ்சு!)

எல்கடுவ தோட்டமொன்றில் ஓர் அக்கா என்னிடம் கேட்டார்: "மிஸ், வவுனியாவுல இருக்கிற எங்க தம்பிக்கு கழுத்துல நெறிக்கட்டி. மருந்து ஏத்தி கரைஞ்சிச்சு. ஒரு வருஷத்துல திரும்ப வந்திருச்சு. புது மருந்தைப் பரிசோதிக்கிறோம்னு கையெழுத்து கேட்டா போடலாமா? நம்மள எலியாக்கிடுவாங்களா?"

விளங்காத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்திட்ட அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. ஆகவே அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன்.

இந்த நோய்க்கான முதல் மருந்தே யுத்தத்திலிருந்துதான் வந்தது. நச்சுவாயுவை ஆராய்ந்த அமெரிக்க வைத்தியர்கள், 1942இல் அதன் உறவுப் பொருளொன்றை ஒரு நோயாளிக்கு ஏற்றினர். கட்டிகள் சுருங்கின, ஆனால் திரும்பி வந்தன. ஒரே மருந்துக்குத் தப்பிய கலங்கள் மீண்டும் பெருகிவிடும். அதனால்தான் வெவ்வேறு வழியில் தாக்கும் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

மருந்து கூடினால் குணமும் கூடுமா? அமெரிக்காவில் 899 பேரிடம் நான்கு முறைகளை ஒப்பிட்டு 1993இல் முடிவை வெளியிட்டனர். பழைய நான்கு மருந்து முறையை விட, கூடுதல் மருந்து சேர்த்த புதிய முறைகள் சிறப்பாக இல்லை. பக்கவிளைவுதான் கூடியது. ஒப்பிட்டுப் பார்த்திராவிட்டால் எத்தனையோ பேர் வீணாக வருந்தியிருப்பார்கள்.

நோய் திரும்பியவர்களுக்கு வழி கடினம், ஆனால் அடைபடவில்லை. மருந்துக்கு இணங்கியவர்களில், தம் சொந்த எலும்பு மச்சையைத் திரும்பப் பெற்றோரில் 53 வீதமானோர் ஐந்தாண்டு வாழ்ந்தனர். மருந்தை மட்டும் தொடர்ந்தோரில் 32 வீதமே. இது 1995இல் வெளியான முடிவு. 2024இல் ஐந்து மருந்துகளைச் சேர்த்து 50 பேருக்குக் கொடுத்த அமெரிக்க ஆய்வு வெளியானது. மதிப்பிடப்பட்டோரில் 38 வீதமானோருக்கு நோயின் அடையாளமே மறைந்தது. நல்ல செய்திதான். ஆயினும் அது சிறிய ஆய்வு, ஒப்பிட வேறு குழுவும் இருக்கவில்லை.

அக்காவிடம் நான் சொன்னது இதுதான். தாளைத் தமிழில் கேளுங்கள், வீட்டுக்கு எடுத்துப்போய் வாசியுங்கள். சேராவிட்டால் என்ன சிகிச்சை, பக்கவிளைவு வந்தால் யார் பார்ப்பார், செலவு யாருடையது என்று கேளுங்கள். மறுக்கலாம், இடையில் விலகவும் செய்யலாம். அதனால் வழமையான சிகிச்சையை நிறுத்தக்கூடாது. மகரகம அபேக்ஷா வைத்தியசாலையிலும் கண்டி தேசிய வைத்தியசாலையிலும் சிகிச்சை இலவசமே.

அக்கா சற்று யோசித்தார். "அப்ப கிளினிக் கொப்பியோட கேள்வியையும் எழுதி அனுப்புறேன் மிஸ், அவன் வாய் பேசமாட்டான்" என்றார்.

கழுத்திலோ கமக்கட்டிலோ வலியில்லாத கட்டி இரண்டு, மூன்று வாரமாகியும் கரையாவிட்டால், இரவில் உடுப்பு நனைய வியர்த்தால், காரணமின்றி மெலிந்தால், அடுத்த சம்பளம் வரும்வரை காத்திருக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.