பெட்டியில 'சப்போர்ட் பண்ணும்'னுதான் போட்டிருக்கு!

போன பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தப்போ, அப்பா ஒரு பழைய பென்டிரைவைத் தேடி எடுத்துட்டு வந்து டிவியில சொருகினார். 2008-ல சித்தப்பா தன்னோட பட்டன் போன்ல எடுத்த வீடியோ. திண்ணையில உக்காந்து தாத்தா என்னமோ சொல்றார். பக்கத்துல மூணு வயசு நான், மூக்கு ஒழுக அழுதுட்டு இருக்கேன். தாத்தாவோட வாய் அசையுது, சத்தம் வரலை. திரையோட அடியில, இந்த ஆடியோ வகைக்கு ஆதரவு இல்லைன்னு ஒரு வரி. அதுக்கு முந்தின தீபாவளிக்குத்தான் நாற்பதாயிரம் கொடுத்து வாங்கின டிவி அது.

"இன்ஜினியரிங்தானே படிக்கிற, இதைச் சரி பண்ண முடியாதா?"ன்னு அப்பா கேட்டார். மூணு வருஷமா ஃபீஸ் கட்டுறவர் கேட்கக்கூடிய கேள்விதான்.

வீட்டு நெட்வொர்க்குல படமும் பாட்டும் ஓட்டுறதுக்கு எந்த பிளேயர் வாங்கலாம்னு நம்ம பசங்க அடிக்கடி கேட்கிறாங்க. என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். கடைக்குப் போறதுக்கு முன்னாடி, வீட்டுல தூசி பிடிச்சுக் கிடக்கிற பழைய லேப்டாப்பை எடுத்துத் துடைங்க. பெட்டி மேல போட்டிருக்கிற 'எல்லா ஃபார்மேட்டும் ஓடும்'ங்கிற வாசகத்தை, எக்ஸாமுக்கு முந்தின நாள் நண்பன் சொல்ற 'போர்ஷன் முடிச்சிட்டேன்டா' மாதிரி எடுத்துக்கோங்க.

ஏன்னு சொல்றேன். எம்.கே.வி., எம்.பி.4, 3ஜி.பி. இதெல்லாம் டிபன் கேரியர். உள்ள இருக்கிற சாப்பாடு வேற. எச்.264, எச்.265, ஏவி1, ஏஏசி, டிடிஎஸ்னு அதுக்குத் தனித்தனிப் பேர். 'எம்.கே.வி. ஓடும்'னு போட்டிருந்தா, கேரியரைத் திறக்கத் தெரியும்னு மட்டும்தான் அர்த்தம். அந்த ஃபார்மேட்டோட முழுப் பேரான மட்ரோஸ்காவே, ஒண்ணுக்குள்ள ஒண்ணா இருக்குமே, அந்த ரஷ்ய மரப்பொம்மையோட பேர்ல இருந்து வந்ததுதான். எங்க தாத்தா வீடியோ 3ஜி.பி. கேரியர்ல இருந்தது. உள்ள இருந்த ஆடியோ ஏஎம்ஆர். போன் பேச்சுக்காகவே செஞ்ச கோடெக் அது. நொடிக்கு அதிகபட்சம் 12.2 கிலோபிட்தான் எடுத்துக்கும். இன்னிக்கு டிவி செய்யறவங்களுக்கு அதைச் சேர்க்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்லை. அவ்வளவு பிரபலமான டிடிஎஸ்-ஐயே சில பெரிய கம்பெனிகள் சில வருஷ மாடல்கள்ல தூக்கிட்டாங்க, ஏஎம்ஆர் எல்லாம் எந்த மூலைக்கு?

"டிஎல்என்ஏ லோகோ இருக்கே"ன்னு ஒருத்தர் கேட்பார். 2003-ல சோனி, இன்டெல் மாதிரி கம்பெனிகள் சேர்ந்து, எந்தக் கம்பெனி பெட்டியும் எந்தக் கம்பெனி டிவியோடயும் பேசணும்னு அந்த அமைப்பை ஆரம்பிச்சாங்க. நல்ல நோக்கம்தான். ஆனா வீடியோவுக்கு ஆரம்பத்துல கட்டாயம்னு வெச்சது எம்பெக்-2 மட்டும்தான், மத்ததெல்லாம் விருப்பப்பட்டா சேர்த்துக்கலாம்னு விட்டுட்டாங்க. அதனால லோகோ இருக்கும், படம் ஓடாது. 2017-ல அமைப்பையே கலைச்சிட்டாங்க.

அது சர்வரைக் கண்டுபிடிக்கிற விதம் மட்டும் இன்னும் உயிரோட இருக்கு. 239.255.255.250-ங்கிற மல்டிகாஸ்ட் முகவரிக்கு, 1900-ஆம் போர்ட்ல, 'யாராவது இருக்கீங்களா'ன்னு கத்தும். நெட்வொர்க்ஸ் லேப் செஞ்சவங்களுக்கு இப்போ பொறி தட்டியிருக்கும். ஹாஸ்டல் வைஃபையில உங்க லேப்டாப்ல இருக்கிற படம் ரூம்மேட் டேப்லெட்டுக்கு ஏன் தெரியலைன்னா, பெரும்பாலும் பிளேயர் மேல தப்பு இருக்காது. ஒரு கருவி இன்னொரு கருவியைப் பார்க்க முடியாதபடி ஆக்சஸ் பாயின்ட்லயே அடைச்சு வெச்சிருப்பாங்க. பாதுகாப்புக்காகச் செய்யறது, அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

சரி, லேப்டாப்புக்கு வருவோம். அதுல ஜெல்லிஃபின் போட்டேன். 2018 டிசம்பர்ல, எம்பி-ங்கிற மென்பொருள் தன்னோட மூலநிரலை மூடினப்போ, கோபப்பட்டவங்க பிரிச்சு எடுத்து வளர்த்தது அது. காசு கிடையாது, அக்கவுன்ட் கிடையாது. டிவியால ஓட்ட முடியற ஃபைலை அப்படியே அனுப்பும். முடியாததை அந்த இடத்துலயே மாத்தி அனுப்பும். இந்த மாத்தற வேலைதான் டிரான்ஸ்கோடிங், கம்ப்யூட்டரோட உயிரை எடுக்கிறதும் அதுதான். உங்க லேப்டாப் இன்டெல் ஆறாவது தலைமுறையா இருந்தா சாதாரண எச்.265-ஐ ஹார்டுவேர்லயே பிரிக்கும். 10-பிட் எச்.265-க்கு ஏழாவது வேணும், ஏவி1-க்குப் பதினொண்ணு. வாங்கப்போற பெட்டிக்கும் இதே மாதிரி கணக்கு உண்டு. புதுசுன்னா எல்லாம் செய்யும்னு நினைக்காதீங்க. ராஸ்பெர்ரி பை 5-ல எச்.265-க்கு ஹார்டுவேர் உண்டு, அதைவிடப் பழைய எச்.264-க்கு இல்லை, பிராசஸர்தான் பார்த்துக்கணும்.

பிளெக்ஸ் பார்க்க அழகா இருக்குன்னு சொல்ற கட்சியும் நம்ம காலேஜ்ல இருக்கு. ஒத்துக்கறேன், அழகுதான். டிவி ஆப்பும் ஜெல்லிஃபினைவிட வழவழன்னு ஓடும். ஆனா உள்ள போக அவங்க சர்வர்ல அக்கவுன்ட் வேணும். 2025 ஏப்ரல்ல இருந்து, வெளியூர்ல இருந்து உங்க வீட்டுப் படத்தை நீங்களே பார்க்கறதுக்கும் காசு கேட்கிறாங்க. அதே வருஷம் மார்ச்சுல, உலகம் முழுக்க இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட் திடீர்னு படுத்துச்சே, ஞாபகம் இருக்கா? கருவி நல்லாத்தான் இருந்தது, உள்ள இருந்த ஒரு சான்றிதழ் காலாவதியாயிடுச்சு. கூகுள் அப்புறம் சரி பண்ணிட்டாங்க. ஆனா ஒரே ரூம்ல இருக்கிற போனும் டிவியும் பேசிக்கிறதுக்கு, வெளிய யாரோ கையெழுத்து போட்ட காகிதம் செல்லுபடியாகணும்ங்கிறது எனக்குச் சரியாப் படலை. என்கிட்ட ஒரே ஒரு டெஸ்ட் இருக்கு: ரவுட்டர்ல வர்ற இன்டர்நெட் வயரைப் பிடுங்குங்க. வீட்டுக்குள்ள இருக்கிற படம் அதுக்கப்புறமும் ஓடணும்.

இன்னொரு டெஸ்ட் நமக்கு மட்டுமே உரியது, எந்த ரிவியூவிலயும் வராது. தமிழ் சப்டைட்டில். டெக்ஸ்ட் ஃபைல்ல 'கொ'ங்கிற எழுத்து, முதல்ல 'க', அப்புறம் ஒகரக் குறின்னுதான் சேமிக்கப்படும். திரையில காட்டறப்போ கொம்பை முன்னாடியும் காலைப் பின்னாடியும் தள்ளி வைக்க வேண்டியது பிளேயரோட பொறுப்பு. அந்த வேலை தெரியாத பிளேயர்ல கொம்பு எழுத்துக்குப் பின்னாடி போய் நிக்கும், இல்லைன்னா நடுவுல ஒரு புள்ளி வட்டம் முளைக்கும். ஃபான்டே இல்லைன்னா எல்லாம் கட்டம் கட்டமா வரும். எங்க வீட்டு டிவியில கொம்பு பின்னாடிதான் நிக்குது. கம்ப்யூட்டர்ல எம்பிவி மாதிரி, லிப்ஆஸ் நூலகத்தை வெச்சு சப்டைட்டில் காட்டற பிளேயர்ல அதே ஃபைல் ஒழுங்கா வருது. படத்து மேலயே எழுத்தைப் பதிச்சு அனுப்புன்னு சர்வர்கிட்ட சொல்லலாம்தான். ஆனா நாலு வரி எழுத்துக்காக முழுப் படத்தையும் டிரான்ஸ்கோட் பண்ணணும், லேப்டாப் ஃபேன் ஹெலிகாப்டர் மாதிரி கத்தும். தமிழ்நாட்டுல இவ்வளவு டிவி விக்கிறவங்க, பேக்டரியை விட்டு அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தமிழ் வரியை ஓட்டிப் பார்க்கலைங்கிறதுல எனக்கு நிஜமாவே வருத்தம் உண்டு.

வேகத்தைப் பத்தி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். கல்யாண டிவிடி நொடிக்கு 10 மெகாபிட்டைத் தாண்டாது, சுமாரான வைஃபையே போதும். 4கே டிஸ்க்கை அப்படியே காப்பி பண்ணி வெச்சிருக்கிறவங்களுக்குத்தான் சிக்கல். அது 128 மெகாபிட் வரைக்கும் போகலாம், பல டிவிகள்ல வயர் போர்ட்டே 100 தான். அப்புறம், பேரே இல்லாத மலிவு ஆண்ட்ராய்டு பெட்டிகள் பக்கம் போகாதீங்க. தயாரிக்கிறப்போவே மால்வேர் ஏறின பெட்டிகள் விக்கிதுன்னு 2025 ஜூன்ல அமெரிக்க எஃப்பிஐயே எச்சரிச்சது.

1996-ல பாரிஸ் பக்கத்துல ஒரு இன்ஜினியரிங் காலேஜ் பசங்க, கேம்பஸ் நெட்வொர்க்குல வீடியோ ஓட்டணும்னு ஆரம்பிச்ச ப்ராஜெக்ட்தான் இன்னிக்கு நம்ம எல்லார் லேப்டாப்லயும் இருக்கிற விஎல்சி. ஹாஸ்டல் பசங்க பண்ணதுதான். மினி ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடறவங்க இந்த வரியை இன்னொரு தடவை படிக்கலாம்.

தாத்தா வீடியோ 176-க்கு 144 பிக்சல். அதை மாத்தி அனுப்பறதுக்குப் பழைய லேப்டாப்புக்கு வேர்க்கக்கூட இல்லை. "அழாதடா, அஞ்சரை பஸ்ல அப்பன் வந்துருவான்"னு தாத்தா சொல்றார், அவ்வளவுதான். பதினாலு நொடி. அடுப்படியில இருந்த பாட்டி கரண்டியோட வெளிய வந்துட்டாங்க. அப்பா மறுபடி போடுன்னார், மறுபடியும் போடுன்னார்.

மாத்தின ஃபைல் கைக்கு வந்ததும் பழைய 3ஜி.பி.யை அழிச்சிடாதீங்க, மூலம் அதுதான். அப்புறம் உங்க வீட்டு டிவி 'கொ'வை எப்படிக் காட்டுதுன்னு பார்த்து, மாடல் நம்பரோட எழுதி அனுப்புங்க. அடுத்த இதழ்ல ஒரு பட்டியலே போட்டுடலாம்.