கோடித் துணி வந்த பிறகா உறவைத் தேடுவது?



நம் பிள்ளைகளுக்கு உறவுமுறை தெரியவில்லை என்று மேடைதோறும் முழங்குகிறோம். நானும் முழங்கியவள்தான். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "எல்லாரையும் அங்கிள், ஆண்டி என்று அழைக்கும் தலைமுறையை வளர்க்கிறீர்கள்" என்று பெற்றோர்களைச் சாடியிருக்கிறேன். இன்று அந்தச் சாட்டையை முதலில் என்மீதே வீசிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

என் அம்மாவைப் பெற்ற பாட்டி 2023-ஆம் ஆண்டில், தமது 89-ஆம் வயதில் ஈப்போவில் மறைந்தார். சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டமொன்றில் பிறந்து, பன்னிரண்டு வயதிலேயே பால்மரம் சீவப் போனவர். இறுதிச் சடங்கின்போது, அதை நடத்திவைத்தவர் வழக்கம்போல் குரல் கொடுத்தார்: "பொறந்த வீட்டுக் கோடி போடுறவங்க வாங்க!"

எங்களில் எவரும் அசையவில்லை. பாட்டிக்கும் ஒரு பிறந்த வீடு இருந்திருக்கும் என்பதையே நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை. அம்மா தலையைக் குனிந்தவாறு, "அவங்க பக்கம் யாரும் இல்லீங்க" என்றார்.

பந்தலின் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். கையில் மடித்த புதுப்புடவை. "இருக்கோம்யா. நான் அண்ணன் மகன். இவங்க எனக்குச் சொந்த அத்தை." அவர் விரலைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுவன் நின்றிருந்தான். என்னைக் கண்டதும், "டீச்சர்!" என்றான். அவன் என் வகுப்பு மாணவன்!

புலனத்தில் பகிரப்பட்ட இறப்புச் செய்தியில் பாட்டியின் பழைய தோட்டத்தின் பெயரையும் சேர்த்திருந்தோம். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவர் வந்து சேர்ந்தார். தோட்டத்தின் பெயரை எழுதாமல் விட்டிருந்தால், பாட்டி பிறந்த வீட்டுக் கோடி இல்லாமலே போயிருப்பார்.

என்னைச் சுட்டது இதற்குப் பின்னர் நினைவுக்கு வந்த ஒன்று. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், நான்காம் ஆண்டு வரலாற்றுப் பாடத்திற்காகக் குடும்ப மரம் வரைந்து வரும்படி மாணவர்களைப் பணித்திருந்தேன். இந்தச் சிறுவன் கொண்டு வந்த தாளில் மேல் வரிசைக் கட்டங்கள் வெறுமையாக இருந்தன. "முழுமையாகச் செய்க" என்று சிவப்பு மையால் எழுதித் திருப்பிக் கொடுத்தேன். அந்த வெற்றுக் கட்டத்தில் எழுதப்பட வேண்டியவர் என் பாட்டியின் உடன்பிறந்த அண்ணன்! அவருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியவர் என் பாட்டி! என்னிடமே இல்லாத விடையை ஒரு பத்து வயதுப் பிள்ளையிடம் கேட்டு, இல்லை என்றதும் குறை எழுதியிருக்கிறேன்.

உறவு எப்படி அறுந்தது? பெரியவர் பந்தலில் அமர்ந்து சொன்னார். பாட்டியின் தந்தை ஜப்பானியர் காலத்தில் சயாம் இரயில் பாதை வேலைக்குப் பிடித்துச் செல்லப்பட்டவர்; திரும்பவில்லை. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து அவ்வாறு கொண்டு செல்லப்பட்ட தமிழர்கள் பல்லாயிரவர். சோற்றுக்கு வழியின்றித் தாயார் மூத்த மகனைத் தெலுக் அன்சன், அதாவது இன்றைய தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டத்திலிருந்த சிற்றப்பனிடம் ஒப்படைத்தார். மகள் சுங்கை சிப்புட்டில் தங்கினார். 1948-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் அதே வட்டாரத்தில், எல்பில் தோட்டம் உட்பட இரு தோட்டங்களில், ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவசரகாலம் வந்தது. முள்வேலி, ஊரடங்கு, அரிசிக்குப் பங்கீடு. அண்ணனும் தங்கையும் ஆண்டுக்கொரு முறை பார்த்துக்கொள்வதே அரிதாயிற்று.

பின்னர், ஐரோப்பியர் விற்ற தோட்டங்கள் துண்டாடப்பட்டன. 1960-ஆம் ஆண்டில் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தது அந்தச் சிதறலைத் தடுக்கத்தான். 1969-ஆம் ஆண்டில் வேலைப் பெர்மிட் நெருக்கடி வந்து, குடியுரிமை இல்லாதோர் பலர் தமிழகத்துக்குக் கப்பலேறினர். எஞ்சிய தோட்டங்களிலும் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின. இவை எவையும் பாட்டியின் குற்றமல்ல. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண், முகவரி மாறிப்போன அண்ணனை எப்படித் தேடுவார்?

ஆனால் அதன் பின்னர் நடந்ததற்கு வரலாற்றைச் சாட்டித் தப்ப முடியாது. பெரியவரின் குடும்பம் தோட்டத்தை விட்டுப் புந்தோங்கில் குடியேறி முப்பது ஆண்டுகள் ஆகின்றன. பாட்டியும் ஏறக்குறைய அதே காலமாக எங்களுடன் ஈப்போவில் இருந்தார். கிந்தா ஆற்றுக்கு அந்தப் பக்கம் அண்ணன். இந்தப் பக்கம் தங்கை. இருவரும் தைப்பூசந்தோறும் கல்லுமலை முருகனைக் காணச் சென்றிருக்கிறார்கள். அண்ணன் 2011-ஆம் ஆண்டில் மறைந்தார். "கடைசி வரைக்கும் தங்கச்சி எங்க இருக்காளோன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு" என்றார் பெரியவர். வீட்டில் கார் இருந்தது, தொலைபேசி இருந்தது, ஆசிரியர் பயிற்சி பெற்ற பேத்தி இருந்தாள். "பாட்டி, உங்களோடு பிறந்தவர்கள் யார்?" என்ற ஒரு கேள்விதான் இல்லை. படித்த நாங்கள் கேட்கவில்லை; அவர் சொல்லவில்லை.

பெற்றோர்களே, அரசாங்க ஆவணங்கள் இதைக் காப்பாற்றும் என்று எண்ணாதீர்கள். நம் அடையாள அட்டையில் பெயருக்குப் பின் ஏ/எல் அல்லது ஏ/பி போட்டுத் தந்தையின் பெயர் வருகிறது. தாயின் பெயர் அதில் இல்லை. தாயைப் பெற்றவளின் பெயர் எங்கே இருக்கப் போகிறது? போதாக்குறைக்கு, அந்நாளில் தோட்டத்துக் கிராணி தம் காதில் விழுந்தபடி எழுதியதே பெயராயிற்று. பாட்டியின் ஆவணத்திலும் அவர் அண்ணனின் ஆவணத்திலும் ஒரே தந்தையின் பெயர் இரு வேறு எழுத்துக்கூட்டலில் இருக்கிறது. காகிதத்தை மட்டும் பார்ப்பவருக்கு அவர்கள் உடன்பிறப்புகளே அல்லர்!

காகிதம் கைவிட்டதைத் தாங்கி நின்றது எது தெரியுமா? நாம் "பழைய பஞ்சாங்கம்" என்று ஒதுக்கும் சாவு வீட்டுச் சடங்கு. கோடி போடப் பிறந்த வீட்டார் வர வேண்டும். நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளைகள் வர வேண்டும். ஒவ்வொரு பணிக்கும் ஓர் உறவைப் பெயர் சொல்லி அழைப்பதால், அது ஊரறியப் படிக்கப்படும் குடும்பப் பதிவேடு. ஆனால் அந்தப் பதிவேடு ஒருவர் இறந்த பிறகுதான் திறக்கப்படுகிறது. விடை சொல்லக்கூடிய ஒரே ஒருவர் அப்போது பேச இயலாமல் படுத்திருக்கிறார். இதுவா நமது ஏற்பாடு?

"உறவை ஆராய்வது சாதியைக் கிளறுவதில் முடியும்" என்பார் சிலர். அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். 1929-ஆம் ஆண்டில் மலாயாவுக்கு வந்து ஈப்போவிலும் பேசிய பெரியாரின் சொற்கள் இம்மண்ணில் வீண்போகவில்லை. ஆயினும், எழுதச் சொல்வது சாதியை அன்று. பிறந்த தோட்டம் எது, உடன்பிறந்தோர் யார், தாயற்ற பிள்ளையை எடுத்து வளர்த்தவர் யார் என்பதை எழுதச் சொல்கிறேன். சாதி பார்க்காமல் பக்கத்து லயத்துப் பிள்ளைக்குச் சோறூட்டியவளும் அந்த மரத்தில் ஒரு கிளையாக இருக்கட்டும்.

"சோதனைக்கு வருமா?" என்று கேட்பார் வேறு சிலர். யு.பி.எஸ்.ஆர். தேர்வே 2021-ஆம் ஆண்டில் அகற்றப்பட்டுவிட்டது. இனியும் அந்தச் சாக்கு எதற்கு? பயன் வேண்டுமென்றால் இதோ: அடையாள ஆவணச் சிக்கலில் தவிக்கும் குடும்பங்கள் நம்மிடையே இன்னும் இருக்கின்றன. "உன் தாய் எங்கே, யாருக்குப் பிறந்தாள்?" என்ற கேள்விக்கு விடை தெரியாததால் பள்ளி வாசலில் நிற்கும் பிள்ளைக்கு, உறவறிந்த ஒரு முதியவரின் சொல் எத்துணைப் பெரிய துணை!

"அங்கிள் என்றால் என்ன குறைந்துவிடும்?" என்பார்க்கும் ஒரு கணக்கு. பாட்டியின் அண்ணன் மகன் என் அம்மாவுக்கு மாமன் மகன். ஆகவே எனக்குப் பெரியப்பா முறை. அவர் மகன் எனக்குத் தம்பி; அவர் பேரன் எனக்கு மருமகன். பந்தலில் பெரியவர் அந்தச் சிறுவனிடம், "டீச்சர் இல்லடா, அத்தை" என்றார். அந்த ஒரே சொல்லில் நான்கு தலைமுறைக் கணக்கும் அவனுக்கு விளங்கிவிட்டது. "ஆண்டி" என்றிருந்தால் என்ன விளங்கியிருக்கும்?

ஆசிரியர்களே, ஆயத்தக் கட்டங்கள் அச்சிட்ட தாளைக் கொடுத்து, நிரம்பினால் நட்சத்திரம், நிரம்பாவிட்டால் சிவப்பு மை என்பதை இன்றோடு விடுவோம். வெற்றுக் கட்டம் மாணவனின் சோம்பலன்று. அது அவன் குடும்பம் பட்ட பாட்டின் தடயம். தாய்வழிக்கும் சம இடம் கொடுப்போம். ஒரு மாதம் தவணை கொடுப்போம். முதலில் நம் மரத்தை நாமே வரைந்து, நம் வெற்றுக் கட்டங்களையும் வகுப்பில் காட்டுவோம்.

பெற்றோர்களே, வரும் பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்குப் போகும் வழியில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வீட்டு மூத்தவரைக் காரில் ஏற்றிக்கொண்டு, அவர் பிறந்த தோட்டம் இருந்த இடத்திற்குப் போங்கள். லயம் இருக்காது, கோயிலேனும் இருக்கும். பிள்ளை கேட்கட்டும், கைப்பேசி பதிவு செய்யட்டும். பாட்டி பேசுவதைப் பதிவு செய்ய என் கையிலும் கைப்பேசி இருந்தது. அவரது இறுதி ஊர்வலத்தைத்தான் பதிவு செய்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பின்னர், அந்தச் சிறுவனின் தாளைத் திரும்ப வாங்கினேன். நான் எழுதியிருந்த சிவப்பு வரியை அடித்துவிட்டு, இருவருமாக அமர்ந்து மேல் வரிசையை எழுதினோம். அதற்கும் மேலே, சயாமுக்குப் போனவரின் கட்டத்தில் பெயர் எழுதினோம். எங்கே மறைந்தார் என்ற இடம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. அது வெறுமையாகவே இருக்கட்டும். நாம் கேட்டிருந்தால் நிரம்பியிருக்கக்கூடிய கட்டங்களை மட்டுமாவது வெறுமையாக விடாதிருப்போம்.

உங்கள் வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறாரா? இன்றிரவே கேளுங்கள்.

அன்புடன்,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
ஈப்போ, பேராக்.