ஒரு பிள்ளைக்கும் ஆயிரம், நாலு பிள்ளைக்கும் ஆயிரம்!

குற்றாலத்தில் சாரல் அடித்தால் கடைத்தெரு களைகட்டிவிடும். மங்குஸ்தான் பழம் விற்பவர், எண்ணெய் தேய்த்து விடுபவர், சிப்ஸ் போடுபவர் எல்லோருக்கும் கை நிறையக் காசு. ஜூன் மாதம் பிறக்கும் சீசன் ஆகஸ்டில் அடங்கும். பிறகு?

தென்காசிப் பக்கம் பீடி சுற்றும் பெண்களுக்கு சீசன் கிடையாது. ஆனால் சுற்றினால்தான் கூலி. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பீடித்தட்டை ஒதுக்கி வைத்தால், அன்றைய கூலி போச்சு!

இப்படிப்பட்ட வீட்டுக்கு மாதாமாதம் வரும் பணம் பெரிய காரியம்.

தாயின் கையில்

2023-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந்தேதி, காஞ்சீபுரத்தில் முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் மகளிர் உரிமைத் தொகை திட்டத்தைத் தொடங்கி வைத்தார். மாதம் ரூ.1,000. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட குடும்பம் என்பது விதி. ஒரு கோடியே 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் தேர்வானார்கள்.

பணம் பெண்ணின் வங்கிக் கணக்குக்குப் போனது. நல்ல ஏற்பாடு. ஆணின் சட்டைப்பையில் விழுந்தால் அது எந்தக் கடைக்குப் போகும் என்று தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை!

இதற்காக இங்கிலாந்தில் ஒரு சண்டையே நடந்தது. 1945-ல் அங்கே குடும்பப்படி மசோதா வந்தது. தகப்பனிடம் பணம் கொடுப்பதாக இருந்தது. எலினார் ராத்போன் என்ற பெண் எம்.பி. விடவில்லை. போராடினார். பணம் தாய்க்கே என்று சட்டம் ஆயிற்று.

அந்தச் சட்டம் பிள்ளைகளை எண்ணியது. முதல் பிள்ளைக்குக் கிடையாது. இரண்டாவது பிள்ளை முதல், தலைக்கு வாரம் 5 ஷில்லிங்.

மே மாதம்

உரிமைத் தொகை, பெண்ணின் உழைப்பை மதித்துக் கொடுத்தது. பிள்ளைகளை எண்ணிக் கொடுத்தது அல்ல. ஆயிரம் ரூபாயை நாள் கணக்கில் பிரித்தால் 33 ரூபாய். வீட்டில் நாலு பிள்ளை என்றால், தலைக்கு எட்டு ரூபாய் சில்லறை.

தலையை எண்ணிப் போடுவது பள்ளிக்கூடத்துச் சாப்பாடுதான். மதிய உணவு காமராஜர் காலத்தில் வந்தது. காலை உணவு 2022-ல் வந்தது. பத்துப் பிள்ளை உட்கார்ந்தால் பத்துத் தட்டு.

ஆனால், மே மாதம் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கும். குற்றாலத்தில் அருவியும் வறண்டு நிற்கும். கடைத்தெருவில் ஆள் இருக்காது. பிள்ளைகளுக்கு வெளியே கிடைத்த இரண்டு வேளைச் சாப்பாடும் அந்த மாதம் வீட்டு அடுப்பின் தலையில் விழும். உரிமைத் தொகையோ ஏப்ரலில் வந்த அதே ஆயிரம்.

விடுமுறைக் காலத்துக்கு மட்டுமாவது, பிள்ளைக்கு இவ்வளவு என்று அரசு கூட்டிக் கொடுக்கலாம். வீடு வீடாகப் போய் எண்ண வேண்டியதில்லை. பிள்ளைகளின் பெயர்தான் ரேஷன் கார்டில் இருக்கிறதே!