காணவில்லை என்றும் எழுதுங்கள்



காட்டுப் பூக்களைத் தேடி மலைக்குச் சென்று திரும்பும் ஒரு மாணவரின் குறிப்பேட்டில் என்ன இருக்க வேண்டும்? "கண்ட பூக்களின் பெயர்கள்" என்று உடனே விடை சொல்வீர்கள். அது பாதி விடைதான். தேடியும் காணாத பூக்களும், மழையால் போக முடியாமல் திரும்பிய இடங்களும் அதே குறிப்பேட்டில் எழுதப்பட வேண்டும் என்பது என் கருத்து. கிடைக்காததை எழுதி என்ன பயன் என்று கேட்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள்.

மலைப்பூ என்றதும் பலருக்கு இமயம்தான் நினைவுக்கு வரும். 1931ஆம் ஆண்டு காமெட் சிகரத்தில் ஏறிய பிராங்க் ஸ்மைத் என்பவரும் அவருடைய தோழர்களும், திரும்பும் வழியில் மழையிலும் மூடுபனியிலும் ஒரு கணவாயைக் கடந்து இறங்கினார்கள். அங்கே பூக்கள் நிறைந்த ஒரு பள்ளத்தாக்கைக் கண்டார்கள். இன்று உத்தரகாண்டில் 'மலர்ப் பள்ளத்தாக்கு' என்று புகழ்பெற்றிருப்பது அதுதான். 2005ஆம் ஆண்டு அது உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அங்கே பூக்கள் மிகுதியாக மலர்வது ஜூலை, ஆகஸ்டு மாதங்களில். மழை கொட்டுவதும் அதே மாதங்களில்தான்! 1939இல் அந்தப் பள்ளத்தாக்கில் தாவரங்களைச் சேகரித்துக்கொண்டிருந்த ஜோன் மார்கரெட் லெக் என்ற ஆங்கிலப் பெண்மணி, சரிவில் வழுக்கி விழுந்து உயிரிழந்தார். அவருடைய கல்லறை இன்றும் அங்கே இருக்கிறது.

இமயத்துக்குப் போக நம் எல்லோராலும் முடியாது. அதற்குத் தேவையும் இல்லை. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலை நிற்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான இது, ஏறத்தாழ 600 முதல் 1,200 மீட்டர் வரை உயரமுள்ளது. கோமுகி ஆறு பிறப்பது இங்கேதான். பனி மூடிய சிகரங்கள் இங்கு இல்லை. ஆனாலும் இமயத்தில் கண்ட அதே விதி இங்கும் செல்லும். பூவும் மழையும் சேர்ந்தே வருகின்றன.

செங்காந்தளை எடுத்துக்கொள்ளுங்கள். நம் மாநில மலர் இது. கோடையில் செடியின் அடையாளமே வெளியே தெரியாது. மண்ணுக்குள் கிழங்காக உறங்கும். மழை பெய்து மண் நனைந்தபின் தளிர்விட்டு, இலை நுனிகளையே பற்றுக்கம்பிகளாக்கிப் புதர்மேல் ஏறிப் பூக்கும். மலரும்போது பச்சை கலந்த மஞ்சளாக இருக்கும் இதழ்கள் நாள் செல்லச் செல்லச் சிவக்கும். (அழகில் மயங்கிக் கிழங்கைத் தோண்டிவிடாதீர்கள். செடி முழுவதும் கோல்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது. கிழங்கில் அது உயிரையே பறிக்கும்.) ஆக, மழையே வேண்டாம் என்பவருக்குச் செங்காந்தளும் கிடையாது.

மழைக்காலத்தில் மலையின் வானிலை ஏன் இத்தனை விரைவில் மாறுகிறது? நீங்கள் பாடத்தில் படித்த இயற்பியல்தான் காரணம். வெயிலில் சூடேறிய ஈரக்காற்று மலைச்சரிவில் மேலேறுகிறது. மேலே அழுத்தம் குறைவு. ஆகவே அது விரிகிறது. விரிவதற்கு வேண்டிய ஆற்றலைத் தன் வெப்பத்திலிருந்தே செலவிடுவதால் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 1 டிகிரி செல்சியஸ் வீதம் குளிர்கிறது. போதுமான அளவு குளிர்ந்ததும் நீராவி துளிகளாகிறது. அப்போது வெளிப்படும் உள்ளுறை வெப்பம் காற்றை இன்னும் மேலே தள்ளுகிறது. காலையில் தெளிவாக இருந்த வானம், பிற்பகலில் இடிமேகமாக நிற்பது இப்படித்தான்.

வானிலை முன்னறிவிப்பு இதைச் சொல்லாதா? ஓரளவுக்குச் சொல்லும். 2025இல் இந்தியா பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த பாரத் முன்னறிவிப்பு முறை, நிலப்பரப்பை 6 கிலோமீட்டர் அளவுள்ள கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. ஆனால் தனியொரு இடிமேகம் சில கிலோமீட்டர் அகலமே இருக்கும். ஒரு மணி நேரத்துக்குள் தோன்றிப் பெய்து கலைந்தும் போகும். "இன்று மாவட்டத்தில் இடியுடன் மழை பெய்யலாம்" என்ற செய்தி, நீங்கள் நிற்கும் சரிவில் எத்தனை மணிக்குப் பெய்யும் என்று கூறாது. அதை உங்கள் கண்ணும் காதும்தான் கூற வேண்டும்.

மின்னலைக் கண்டதும் விநாடிகளை எண்ணுங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறத்தாழ 3 விநாடி ஆகும். 30 விநாடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது என்று பொருள். திறந்த பாறையையும் தனிமரத்தையும் விட்டு விலகி, உடனே கட்டடத்துக்குள் சென்றுவிட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வரக்கூடாது. ஓடையில் தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகும் குச்சிகளும் மிதந்து வந்தாலோ உடனே கரையேறிவிடுங்கள். உங்கள் தலைமேல் வெயில் அடிக்கும்போதே, மேலே எங்கோ பெய்த மழை வெள்ளமாக வந்துகொண்டிருக்கும்.

இந்த விதிகளைச் சொல்வது எளிது, கடைப்பிடிப்பதுதான் கடினம். ஏன்? இவ்வளவு தூரம் வந்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவதா என்ற எண்ணம் தடுக்கிறது. அடுத்த வளைவில் பூ இருக்கும், இன்னும் பத்து நிமிடம் நடந்து பார்ப்போம் என்று மனம் சொல்கிறது. செல்பேசியில் எடுத்த படத்தை நண்பர்களுக்குக் காட்டலாம். காணாத பூவை எப்படிப் படம் பிடிப்பது?

இங்கேதான் அந்த வெற்றுப் பக்கத்தின் மதிப்பை நாம் உணர வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். ஆகஸ்டு 24 அன்று ஒரு புதரில் முதன்முதலாகச் செங்காந்தள் பூவைக் கண்டதாக ஒரு மாணவி எழுதுகிறாள். அந்தப் புதர் எப்போது பூக்கத் தொடங்கியது? அன்றோ அதற்கு முன்போ என்று மட்டுமே சொல்ல முடியும். ஆனால் "ஆகஸ்டு 10, அதே புதர், பார்த்தேன், பூ இல்லை" என்ற ஒரு வரியும் அவளிடம் இருந்தால், பூக்கத் தொடங்கியது அந்த இரண்டு வார இடைவெளியில்தான் என்பது உறுதியாகிவிடும். இந்த அறிவைத் தந்தது காணாத நாளின் குறிப்பு அல்லவா? அதுபோலவே "பார்த்தேன், இல்லை" என்பதும், "மழையால் போக முடியவில்லை" என்பதும் ஒன்றல்ல. இரண்டையும் எழுதாமல் விட்டால், பின்னால் படிப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும்.

இத்தகைய நாட்குறிப்புகள் வீண் போவதில்லை. ஜப்பானின் கியோட்டோ நகரில் செர்ரி மலரும் நாள் பற்றிய குறிப்புகள் 9ஆம் நூற்றாண்டிலிருந்தே கிடைக்கின்றன. 2021இல் அங்கே பூக்கள் மார்ச் 26 அன்றே முழுமையாக மலர்ந்துவிட்டன. அதுவரை இருந்த குறிப்புகளில் அவ்வளவு முந்திய நாள் இல்லை. புவி வெப்பமாகி வருவதற்கு அந்தப் பூக்களும் சாட்சி சொல்கின்றன. கல்வராயன் மலைக்கும் அப்படி ஒரு சாட்சி வேண்டாமா? மழை தள்ளிப்போன ஆண்டில் செங்காந்தளும் தள்ளிப் பூத்ததா என்று இருபது ஆண்டு கழித்து ஒருவர் கேட்டால், விடை உங்கள் குறிப்பேட்டில் இருக்கலாம்.

எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்ற செய்தி இயற்பியலையே திருப்பிவிட்டதுண்டு. 1887இல் மைக்கல்சனும் மார்லியும் ஈதர் என்ற ஊடகத்தில் பூமி நகர்வதை ஒளியைக்கொண்டு அளக்க முயன்றார்கள். எதிர்பார்த்த விளைவு தென்படவில்லை. கிடைக்காததைக் கிடைக்கவில்லை என்றே அவர்கள் வெளியிட்டார்கள். ஆனால் நம் ஆய்வகங்களில் நடப்பது என்ன? தனி ஊசல் சோதனையில் 9.8 வரவேண்டும் என்று முன்பே தெரிந்துகொண்டு, அதற்கேற்ப அளவீடுகளை எழுதிவிடும் மாணவர்கள் உண்டு. சரியான விடைக்கு மட்டும் மதிப்பெண் தரும் முறையும் அதற்குத் துணைபோகிறது. பூத்தேடலிலும் அதே முறையைக் கொண்டுவந்தால், பொய்க் குறிப்பு மட்டுமல்ல, ஆபத்தான நடையும் வந்து சேரும்.

ஆகவே பள்ளிகளுக்கும் உங்களுக்கும் நான் சொல்வது இதுதான். ஆசிரியர் துணையோடும், காப்புக்காடாக இருந்தால் வனத்துறை அனுமதியோடும் செல்லுங்கள். மலைவாழ் மக்களில் பெரியவர் ஒருவரை வழிகாட்டியாக அழைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பூ எந்த மாதத்தில், எந்தச் சரிவில் என்பதை அவரிடம் கேட்டு எழுதுங்கள். பூவைப் பறிக்காதீர்கள். திரும்ப வேண்டிய நேரத்தைப் புறப்படும் முன்பே முடிவு செய்யுங்கள். நாள், நேரம், இடம், வானிலை, கண்டது, காணாதது என ஆறு கட்டங்கள் வரைந்துகொள்ளுங்கள். ஆறாவது கட்டத்துக்கும் ஐந்தாவதற்குச் சமமான மதிப்பெண் உண்டு என்று ஆசிரியர் முதலிலேயே அறிவித்துவிடட்டும்.

"பகல் 1 மணி. மேற்கே இடி. ஓடை கலங்கியது. பூவைப் பார்க்காமல் திரும்பினோம்." இப்படி எழுதிய மாணவர் தோற்றவர் அல்லர். உண்மையைப் பதிவு செய்தவர். அடுத்த வாரம் மீண்டும் சென்று பார்க்கப் போகிறவர்.