கந்தலுக்கு மறுவாழ்வு! தொழிலாளிக்கு?

கழிவுப் பஞ்சில் ஆன சட்டைக்கு 'அறம் சார்ந்த ஆடை' என்று பெயர் சூட்டி, மேல்நாட்டுக் கடைகள் கூடுதல் விலைக்கு விற்கின்றன. பழசை வீணாக்காதே என்று நமக்கு எவரும் போதிக்க வேண்டியதில்லை! பழைய சேலையைத் தூளியாகக் கட்டி வளர்ந்தவர்கள் நாம்.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் விழும் வெட்டுத்துணியைப் பெண்கள் நிறம் நிறமாகப் பிரிக்கிறார்கள். எந்திரம் அதைப் பிய்த்துப் பஞ்சாக்குகிறது, ஓ.இ. மில்கள் மீண்டும் நூலாக்குகின்றன. சாயமும் தண்ணீரும் மிச்சம். நல்லதுதான், வரவேற்கிறோம். ஆனால் அந்தத் தூசி யார் நெஞ்சில் படிகிறது? பிரிக்கும் பெண்ணுக்கு என்ன கூலி? சட்டையில் தொங்கும் சீட்டு இதைச் சொல்லுமா?

துணியை மட்டும் பார்த்து ஆளைப் பாராத வியாபாரம் எங்கே கொண்டுபோய் விடும்? 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் அதிகமான உழைப்பாளிகள் மாண்டார்கள். முதல்நாளே சுவரில் விரிசல் கண்டும் அவர்களை உள்ளே அனுப்பியது லாபவெறி!

நாம் சொல்கிறோம்: நியாயக் கூலி, தூசியில்லா ஆலை, இ.எஸ்.ஐ., சங்கம் சேரும் உரிமை. இவை உள்ள இடத்தில் பிறந்த துணியே அறமுள்ள துணி. மற்றதெல்லாம் வெறும் சாயம். ஒரு வெளுப்பில் போய்விடும்!